படுக்க வைத்துப் பார்த்த எலும்பு

வால் எலும்பை எக்ஸ்ரே எடுக்க எங்களுக்குக் கற்றுக்கொடுத்த முறை இது: ஆளை மேசையில் மல்லாக்கப் படுக்க வைத்து, டியூபைக் கால் பக்கமாக 10 டிகிரி சாய்த்து ஒரு படம். அப்புறம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, முழங்காலை மடக்க வைத்து, பக்கவாட்டில் இன்னொரு படம். சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்ல வேண்டும். மலச்சிக்கல் இருந்தால் முதல் நாளே பேதி மாத்திரை; இல்லாவிட்டால் குடலில் நிற்கும் காற்றும் மலமும் எலும்பின் மேலேயே நிழலாக வந்து விழும். கேசட்டை இருட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போய், சிவப்பு விளக்கில் ஃபிலிமை உருவி ஹாங்கரில் மாட்டி, டெவலப்பரில் முக்கி, அலசி, ஹைப்போவில் போட்டு எடுத்தால், இடுப்பெலும்பின் பெரிய வெண்மைக்குக் கீழே, முன்பக்கம் லேசாக வளைந்து ஒரு சின்ன வால் தெரியும். மூன்று முதல் ஐந்து துண்டுகள், பெரும்பாலானவர்களுக்கு நான்கு. உடைசல் கோடு எதுவும் இல்லையென்றால் ரிப்போர்ட்டில் ‘நார்மல்’.

கொங்கு நாட்டில் ஓர் அரசு மருத்துவமனையில் நுண்கதிர் வீச்சாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அரசாணையில்தான் அந்தப் பெயர். வார்டிலும் வராந்தாவிலும் ‘எக்ஸ்ரேக்காரம்மா’. வேலையில் இருந்த காலமெல்லாம் இந்த வால் எலும்புப் படம் மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. வந்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றே: உட்கார்ந்தால் வலிக்கிறது, உட்கார்ந்து எழுந்தால் உயிர் போகிறது, நின்றால், படுத்தால் வலியில்லை. நாங்கள் அவர்களை வலியில்லாத நிலையில் படுக்க வைத்துப் படம் எடுத்து, வலிக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்தோம். எங்கள் ஊரில் மட்டும் நடந்ததல்ல இது. எக்ஸ்ரே பிறந்து ஏறக்குறைய நூறு வருடம் உலகம் முழுக்க இப்படித்தான் நடந்தது. எக்ஸ்ரே பிறப்பதற்கு முன்பே ஒருவர் விஷயத்தைப் பாதிக்கு மேல் ஊகித்திருந்தார் என்பது இந்த வரலாற்றைத் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது.

அவருக்கும் முன்னால் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். 7-ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் மருத்துவம் பார்த்த ஏஜினா தீவுக்காரர் பவுல், தம் மருத்துவ நூலில் வால் எலும்பு முறிவைப் பற்றி எழுதியிருக்கிறார். இடது கை ஆட்காட்டி விரலை ஆசனவாய்க்குள் விட்டு எலும்பைத் தொட்டுப் பார்த்து, வெளியிலிருந்து மற்றக் கையால் சரிசெய்ய வேண்டும் என்பது அவர் முறை. ஆயிரத்து முந்நூறு வருடம் கழித்தும் அந்த விரல் வைத்தியம் உயிரோடு இருப்பதைப் பின்னால் பார்க்கப் போகிறோம்.

இரண்டாமவர் ஜொசையா நாட். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மோபீல் என்ற துறைமுக நகரில் அறுவை மருத்துவர். தீராத வலிக்காக ஒருவரின் வால் எலும்பை அறுத்து எடுத்துவிட்டதை 1844-இல் நியூ ஆர்லியன்ஸ் மருத்துவ இதழில் எழுதினார். அந்த வருடத்தைக் கவனியுங்கள். ஈதர் மயக்கத்தில் அறுவை செய்யலாம் என்று பாஸ்டனில் ஊரறியக் காட்டியது 1846 அக்டோபரில். அதற்கு இரண்டு வருடம் முன்பு, உடம்பில் நரம்புகள் பின்னிக் கிடக்கும் அந்த இடத்தில், மயக்க மருந்து இல்லாமல் கத்தி வைத்திருக்கிறார்கள். அதற்கு ஓர் ஆள் சம்மதித்திருக்கிறார் என்றால் அந்த வலி எப்படிப்பட்டதாக இருந்திருக்கும்! ஜொசையா நாட் பற்றி இன்னொன்றும் சொல்லாமல் விட மனமில்லை. மஞ்சள் காய்ச்சலைப் பூச்சிகள் பரப்பக்கூடும் என்று 1848-லேயே எழுதியவர். அதே காய்ச்சலுக்கு 1853-இல் ஒரே வாரத்தில் தம் பிள்ளைகளில் நான்கு பேரைப் பறிகொடுத்தவர். அப்படிப்பட்டவர்தான் கறுப்பின மக்கள் வேறு வகைப் பிறவிகள் என்று வாதாடி, அடிமை முறைக்குப் புத்தகம் போட்டுப் பரிந்து பேசியவர். கைத்திறனுக்கும் மனசுக்கும் சம்பந்தமில்லை என்று விட்டுவிட்டு மேலே போகிறேன்.

ஊகித்தவர் என்று நான் சொன்னது எடின்பரோவின் ஜேம்ஸ் யங் சிம்ப்சனை. ஸ்காட்லாந்தில் பாத்கேட் என்ற சிற்றூரில் ரொட்டி சுட்டு விற்ற குடும்பத்தில் 1811-இல் பிறந்தவர். 1840-இல், முப்பது வயதுகூட ஆகாத நிலையில், எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பிரசவ மருத்துவப் பேராசிரியர். 1847 நவம்பரில் குவீன் தெருவிலிருந்த தம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நண்பர்களோடு உட்கார்ந்து குளோரோஃபார்மை முகர்ந்து பார்த்து மேசைக்கடியில் விழுந்த கதை பலருக்கும் தெரிந்திருக்கும். பிரசவ வலிக்கு மயக்கம் கொடுப்பது கடவுள் கட்டளைக்கு விரோதம் என்று சொன்னவர்களோடு மல்லுக்கு நின்றவர் அவர். பெண்களின் வலியைக் காதுகொடுத்துக் கேட்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. அதனால்தானோ என்னவோ, வேறு மருத்துவர்கள் பொருட்படுத்தாத ஒரு வலி அவர் கண்ணில் பட்டது.

1859 வாக்கில் தொடங்கி, பெண்களின் நோய்கள் பற்றிய அவருடைய பாடங்கள் லண்டன் மருத்துவ வார இதழ் ஒன்றில் வரிசையாக வெளிவந்தன. அதில் ஒன்று வால் எலும்பு வலியைப் பற்றியது. இன்றும் மருத்துவர்கள் இந்த வலிக்கு வைத்திருக்கும் பெயர் அவர் இட்ட பெயரிலிருந்து வந்ததுதான். இந்த வலி உள்ள பெண்கள் நேராக உட்கார மாட்டார்கள். ஒரு பக்கப் பிட்டத்தில் பாரத்தைப் போட்டுச் சாய்ந்து உட்காருவார்கள். எழும்போது துடிப்பார்கள் என்று அவர் கண்டு எழுதியிருக்கிறார். விழுந்ததால் வருகிறது, பிரசவத்துக்குப் பிறகு வருகிறது, சில பேருக்குக் காரணமே தெரியாமலும் வருகிறது என்றார். இதைப் படித்தபோது எனக்கு எடின்பரோ தெரியவில்லை. எங்கள் எக்ஸ்ரே அறை வாசலில் கிடக்கும் இரும்பு பெஞ்சுதான் தெரிந்தது. வரிசையில் காத்திருக்கும் இருபது பேரில் வால் எலும்புக்காரர் யார் என்று சீட்டைப் பார்க்காமலேயே சொல்லிவிடலாம். இரண்டு உள்ளங்கையையும் பெஞ்சில் ஊன்றி, உடம்பை முன்னுக்குச் சாய்த்து, ஒரு பக்கமாக உட்கார்ந்திருப்பார். கொஞ்ச நேரத்தில் எழுந்து சுவரோரமாய்ப் போய் நின்றுகொள்வார். பக்கத்திலிருப்பவர் “உக்காருங்க, எடம் இருக்குது” என்று சொல்லச் சொல்ல, “பரவால்லீங்க” என்பார்.

சிம்ப்சன் செய்த வைத்தியத்தில்தான் அவருடைய ஊகம் தெரிகிறது. வால் எலும்பு சும்மா தொங்கிக்கொண்டிருக்கும் எலும்பல்ல. பிட்டத்தின் பெரிய தசையின் சில இழைகளும், இடுப்புக் குழியின் தரையாக இருந்து மலவாயைத் தாங்கும் தசைகளும் அதில் வந்து ஒட்டியிருக்கின்றன. உட்காரும்போதும் எழும்போதும் மலம் கழிக்கும்போதும் அவை எலும்பை இழுக்கின்றன. நோய்பட்ட எலும்பு அசைவதால் வலிக்கிறது; அசைக்கும் தசைகளை அறுத்துவிட்டால் வலி நிற்கும் என்று சிம்ப்சன் நினைத்தார். தோலில் ஒரு சிறு துளை மட்டும் போட்டு, மெல்லிய கத்தியை உள்ளே நுழைத்து, எலும்பின் இரு ஓரத்திலும் நுனியிலும் ஒட்டியிருக்கும் தசைகளையும் நார்களையும் உள்ளுக்குள்ளேயே அறுத்து விடுவிப்பார். அதற்கும் அடங்காவிட்டால்தான் எலும்பை எடுப்பது. குளோரோஃபார்ம் கையில் இருந்ததால், நாட் செய்ய வேண்டியிருந்த கொடுமையைச் செய்யாமல் அவரால் இதை நிதானமாகச் செய்ய முடிந்தது. சிகிச்சை எந்த அளவுக்குப் பலித்தது என்பது வேறு விஷயம். அசைவுதான் வலிக்கிறது என்று 1859-லேயே ஒருவர் எண்ணியிருக்கிறார் என்பதுதான் எனக்கு முக்கியம். கண்ணால் பார்க்கத்தான் அவருக்கு வழியில்லை. 1870-இல் சிம்ப்சன் இறந்தார். ரோண்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டது 1895 நவம்பர் 8-ஆம் தேதி.

இடையில் வந்த ஆண் மருத்துவர்கள் பலர் இந்த வலிக்குச் சுலபமான விளக்கம் ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். நோயாளிகளில் பெரும்பாலோர் பெண்கள். தொட்டுப் பார்த்தால் எலும்பில் ஒன்றும் தெரியவில்லை. ஆகவே இது நரம்புத் தளர்ச்சி, மனக்கோளாறு, ‘ஹிஸ்டீரியா’. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்தச் சொல்லை ஒட்டாத பெண் வியாதியே கிடையாது. ஆனால் இந்த எலும்பின் மீது அது ஒட்டிய பசை மற்ற இடங்களைவிடக் கெட்டியாக இருந்தது. 20-ஆம் நூற்றாண்டு முழுவதும் பாடப்புத்தகங்களின் ஓரத்தில் அந்த வாசனை வீசிக்கொண்டே இருந்தது.

எக்ஸ்ரே வந்தது உதவியிருக்க வேண்டும். உதவவில்லை. அதற்கு என் தொழிலில் ஒரு காரணம் இருக்கிறது. இடுப்புப் பகுதியைப் பக்கவாட்டில் ஊடுருவக் கதிர் நிறைய வேண்டும். உடம்பிலேயே தடிமனான இடம் அது. பழைய மெஷின்களில் அதற்கு நேரம் பிடிக்கும். அந்த நேரம் ஆள் அசையாமல் இருக்க வேண்டுமென்றால் படுக்க வைப்பதுதான் வசதி. மேசைக்கடியில்தான் கேசட் வைக்கும் தட்டும் இருந்தது. மெஷினுக்கு வசதியானது முறையாகி, முறை பாடமாகி, பாடம் பரீட்சையாகிவிட்டது. பிறகு மெஷின் மாறி, நொடியில் சிறு பகுதியிலேயே படம் பதியும் காலம் வந்த பின்னும் முறை மாறவில்லை.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கீழ்முதுகு வலி என்று வந்தால் பழியை வால் எலும்பின் மேல் போட்டு அதை எடுத்துவிடுவது மேல்நாட்டு அறுவை மருத்துவர்களிடையே ஒரு மோகமாகவே இருந்தது. பலருக்கு வலி போகவில்லை. போக வேண்டிய அவசியமும் இல்லை, கோளாறு வேறெங்கோ இருந்ததால். காயம் ஆசனவாய்க்கு ஒரு விரற்கடை தூரத்தில். பெனிசிலின் இல்லாத காலம். சீழ் பிடித்து மாதக்கணக்கில் அவதிப்பட்டார்கள். 1934-இல் அமெரிக்காவின் மிக்ஸ்டரும் பாரும், முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதுதான் பல முதுகு-கால் வலிகளுக்குக் காரணம் என்று காட்டினார்கள். எல்லோர் கண்ணும் டிஸ்க் பக்கம் திரும்பியது. வால் எலும்பு ஆபரேஷன் கெட்ட பெயரோடு ஒதுங்கியது. அதோடு சேர்த்து, உண்மையிலேயே வால் எலும்பில் வலி இருந்தவர்களும் ஒதுக்கப்பட்டார்கள்.

அந்தச் சமயத்தில் கான்சாஸ் நகரத்தில் மலவாய் நோய் மருத்துவர் ஜார்ஜ் தீலி ஒரு வேலை செய்தார். கத்தியை எடுக்காமல் விரலை எடுத்தார். வால் எலும்பு வலியென்று வருபவர்களை உள்ளே தொட்டுப் பார்த்தால், எலும்பைவிட அதில் ஒட்டியிருக்கும் தசைகள்தான் இறுகிப்போய் நோகின்றன என்று கண்டு, அந்தத் தசைகளை அவற்றின் நீளவாக்கில் நீவிவிட்டார். 1937-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் எழுதினார். 1963-இல் 324 நோயாளிகளின் விவரத்தோடு மறுபடி எழுதினார். விழுந்து அடிபட்டது மட்டும் காரணமில்லை, கூன் போட்டுச் சரிந்து உட்காரும் பழக்கமும் காரணம் என்பது அவர் கட்சி. 1950-இல் இன்னொரு அமெரிக்க மருத்துவர், சோபாவில் சரிந்து மணிக்கணக்கில் டி.வி. பார்ப்பதால் வரும் இந்த வலிக்கு ‘டெலிவிஷன் நோய்’ என்றே பெயர் வைத்துவிட்டார். நம் ஊருக்கு டி.வி. வந்து சேர இன்னும் கால் நூற்றாண்டு இருந்தது.

இதோடு ‘ஜீப் நோய்’ என்பதையும் சிலர் குழப்பிக்கொள்வதுண்டு. இரண்டாம் உலகப் போரில் ஏறக்குறைய 80 ஆயிரம் அமெரிக்கச் சிப்பாய்கள் அந்த இடத்தில் சீழ்க்கட்டி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். ஜீப்பின் தடதடப்பே காரணம் என்று நினைத்து 1944-இல் மேயோ கிளினிக்கின் லூயி பூயி அப்படி எழுதினார். அது பிட்டப் பிளவில் முடி உள்வாங்கி வரும் தோல் நோய். எலும்புக்கும் அதற்கும் பக்கத்து வீடு என்பதைத் தவிர உறவில்லை.

எங்கள் பக்கம் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டுமானால், சீட்டிலிருந்து தொடங்க வேண்டும். பனியன் கம்பெனியில் பவர் டேபிள் தைக்கும் ஒரு பெண் வந்தாள். சீட்டில் ‘எல்.எஸ். ஸ்பைன்’ என்றிருந்தது, அதாவது கீழ்முதுகு. “எங்கம்மா வலிக்குது, கை வெச்சுக் காட்டு” என்றேன்.

“இடுப்புலதானுங்கக்கா.” கை இடுப்புக்குப் போகவில்லை.

கதவைச் சாத்திவிட்டு மறுபடி கேட்டேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “உக்கார்ற எடத்துலீங்க. ஸ்டூல்ல உக்காந்து ஒரு டஜன் தெக்கறதுக்குள்ள உசுரு போயிருதுங்க. டாக்டரு ஆம்பளைங்க, அவருகிட்ட எப்படிங்க்கா சொல்றது?” என்றாள். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு ஆரம்பித்ததாம். வீட்டில் மாமியார், வேலைக்குப் போகச் சோம்பல் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

கீழ்முதுகுப் படத்தில் வால் எலும்பு பெரும்பாலும் ஃபிலிமுக்கு வெளியே போய்விடும். வந்தாலும் ஓரத்தில் கருகலாக வந்து பயனில்லாமல் கிடக்கும். டாக்டரிடம் நானே போய்ச் சொல்லிச் சீட்டில் ‘காக்சிக்ஸ்’, அதாவது வால் எலும்பு, என்று சேர்த்து வாங்கிவந்தேன். படுக்க வைத்தேன், முழங்காலை மடக்கச் சொன்னேன், எடுத்தேன். நார்மல். அந்தப் பெண்ணுக்கு அது நல்ல செய்தியாக இருந்திருக்க வேண்டும். அவள் முகம் விழுந்துவிட்டது. வீட்டில் காட்ட ஒரு சாட்சி கிடைக்குமென்று வந்தவள் அவள்.

வியாதி இருப்பதற்குச் சாட்சி இங்கிலாந்தில் வந்தது, 1991-இல். ரே, ஈஸம், ஹோஸ்கின்சன் என்ற மூவர் ஐந்து வருடம் 120 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து எழுதிய கட்டுரை அது. வலி உண்மையானது, வருத்துவது, இவர்களிடம் மனநோய்க்கான தடயம் எதுவும் இல்லை என்று ஒளிவு மறைவில்லாமல் எழுதினார்கள். இதை ஆராய்ச்சி முடிவாக அச்சில் போட வேண்டிய நிலை 1991-லும் இருந்தது என்பதே அந்த ‘ஹிஸ்டீரியா’ பசையின் கெட்டித்தனத்துக்கு அளவு. டிஸ்க்குக்கும் இதற்கும் பெரிய சம்பந்தமில்லை என்றும் சொன்னார்கள். மரத்துப்போகும் மருந்தும் ஸ்டீராய்டும் கலந்த ஊசியில் 60 சதவீதம் பேருக்குக் குணம். ஊசியோடு எலும்பை அசைத்துவிடும் சிகிச்சையும் சேர்ந்தால் சுமார் 85 சதவீதம். மிஞ்சியவர்களுக்கு, ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, எலும்பை எடுத்தார்கள். அவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் தேறினார்கள். ஐம்பது வருடமாகக் கெட்ட பெயரோடு கிடந்த ஆபரேஷன், ஆளைத் தேர்ந்து செய்தால் பலிக்கிறது என்று ஆயிற்று.

ஆனால் எலும்பில் என்ன நடக்கிறது? 1983-இல் இத்தாலியின் போஸ்தாக்கினியும் மாசோப்ரியோவும் வால் எலும்பின் வடிவங்களை நான்கு வகையாகப் பிரித்திருந்தார்கள்: லேசாக வளைந்தது, நன்றாக முன்னுக்கு வளைந்தது, சட்டென்று கோணலாக மடங்கியது, மூட்டு நழுவியது. வலியுள்ளவர்களிடம் பின்னால் சொன்ன வகைகள் கூடுதல். வலியே இல்லாதவர்களிடமும் அவை உண்டு. ரிப்போர்ட்டில் ‘எலும்பு கோணலாக இருக்கிறது’ என்று படித்துவிட்டு, உடைந்துபோயிற்று என்று அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். பிறவியிலேயே அப்படியிருக்கலாம்.

விடை பாரிஸில் கிடைத்தது. நோத்ர்தாம் தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஓத்தெல்-தியே என்று ஒரு மருத்துவமனை. 651-இல் தொடங்கியது என்று சொல்லிக்கொள்ளும் பழமை. அங்கே ஜான்-ஈவ் மேஞ் என்ற மருத்துவர் 1990-களில் செய்தது, கேட்டால் ‘இவ்வளவுதானா’ என்று தோன்றும். நோயாளியைச் சற்று நேரம் நிற்க வைத்துப் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்தார். பிறகு கெட்டியான ஸ்டூலில் உட்கார வைத்து, வழக்கமான வலி வரும்வரை பின்னால் சாயச் சொல்லி, வலிக்கும் அந்த நிமிஷத்திலேயே இன்னொரு படம். இரண்டு ஃபிலிமையும் வியூ பாக்ஸில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலுள்ள திரிகத்து எலும்பு இரண்டிலும் பொருந்தும்படி ஃபிலிமைத் திருப்பினால், வால் எலும்பு எவ்வளவு நகர்ந்தது என்பது கோணமாகவே தெரிந்துவிடும். ஃபிலிம் காலத்து ஆளான எனக்கு இதைப் படித்தபோது கை பரபரத்தது. அதற்கு வேண்டிய சாமான் ஒவ்வொன்றும் எங்கள் அறையில் இருந்தது, ஸ்டூல் உட்பட.

வலியில்லாதவர்களுக்கு வால் எலும்பு உட்காரும்போது 5 முதல் 25 டிகிரிவரை மடங்குகிறது. வலிப்பவர்களில் சிலருக்கு 25-ஐத் தாண்டி மடங்கியது. சிலருக்கு உட்கார்ந்ததும் எலும்பு பின்பக்கமாக நழுவி, எழுந்ததும் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. படுக்க வைத்து எடுத்தால் இது ஜென்மத்துக்கும் தெரியாது. இன்னும் சிலருக்கு நுனியில் தோலுக்கடியில் முள் போன்ற எலும்புத் துருத்தல். 2000-இல் மேஞ் வெளியிட்ட கணக்கில் 208 நோயாளிகள். நூற்றுக்கு 69 பேருக்குக் காரணம் படத்திலேயே தெரிந்தது. எடைக்கும் சம்பந்தம் இருந்தது. பருமனானவர்கள் உட்காரும்போது இடுப்புக் கட்டு போதுமான அளவு சுழல்வதில்லை. எலும்பின் நுனி இருக்கையில் நேராக ஊன்றிக்கொண்டு பின்னுக்குத் தள்ளப்படுகிறது. மிகவும் ஒல்லியானவர்களுக்கு மெத்தைபோல் தாங்கும் கொழுப்பு இல்லாததால் முள் குத்துகிறது. சிம்ப்சன் இறந்து நூற்றிருபது வருடத்துக்குப் பிறகு, அவர் ஊகித்த அசைவு ஃபிலிமில் விழுந்தது.

இந்த வலி ஆண்களைவிடப் பெண்களுக்கு ஐந்து மடங்கு அதிகம் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. பெண்களின் இடுப்புக் கட்டு அகலம். வால் எலும்பு பின்னுக்கும் கீழுக்கும் தள்ளி, அடிபட வசதியாக நிற்கிறது. பிரசவத்தில் குழந்தையின் தலை அதைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டுதான் வெளியே வருகிறது. இவ்வளவு நேரடியான காரணம் இருக்கும்போது மனசைக் குற்றம் சொன்னார்கள்.

சிகிச்சை என்று பார்த்தால், விழுந்து அடிபட்டதும் வரும் வலி பெரும்பாலும் சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில் தானே அடங்கிவிடுகிறது. அதற்கு மேல் நீடித்தால்தான் நாள்பட்ட வலி. முதலில் உட்காரும் விதம்: முன்னுக்குச் சாய்ந்து, பாரத்தைத் தொடைமீதும் இரண்டு பக்க உட்காரும் எலும்புகள்மீதும் போட வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் நடுவில் ஓட்டை போட்ட வட்டக் குஷன் கொடுப்பார்கள். மூலத்துக்கும் இதற்கும் அதையேதான். பின்பக்கம் வெட்டு விட்ட சாய்வுக் குஷன்தான் வால் எலும்புக்கு ஏற்றது. நுனி எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கும். மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்வது வைத்தியத்தில் பாதி. பெல்விக் தசைகளைத் தளர்த்தத் தெரிந்த பிசியோதெரபிஸ்ட் கிடைத்தால் பலருக்கு நிவாரணம் உண்டு.

ஏஜினா பவுலின் விரலும் ஓய்ந்துவிடவில்லை. 2006-இல் மேஞ் அதை முறையான சோதனைக்கு உட்படுத்தினார்: 102 பேரில் பாதிப் பேருக்கு உள்விரல் சிகிச்சை, மீதிப் பேருக்குப் பெயரளவுச் சிகிச்சை. ஒரு மாதத்தில் முதல் கூட்டத்தில் 36 சதவீதம் பேருக்கும், இரண்டாவது கூட்டத்தில் 20 சதவீதம் பேருக்கும் நல்ல பலன். பிரமாதமில்லை, பூஜ்யமுமில்லை. ஊசி இப்போது திரையில் கதிர்ப்படம் பார்த்துக்கொண்டே குறி தவறாமல் போடப்படுகிறது. வால் எலும்புக்கு முன்னால் ஒற்றையாக இருக்கும் நரம்பு முடிச்சை மரத்துப்போகச் செய்யும் முறையை மெக்சிகோவின் பிளான்கார்த்தே 1990-இல் புற்றுநோய் வலிக்காகச் சொன்னார். இப்போது இந்த வலிக்கும் அது பயன்படுகிறது. ஆபரேஷன் கடைசிதான். உட்கார்ந்த படத்தில் எலும்பு நழுவுவதோ மிஞ்சி மடங்குவதோ முள்ளோ தெரிந்தவர்களுக்குப் பலன் அதிகம். காயத்தில் சீழ் பிடிக்கும் பயம் இன்றைக்கும் உண்டு. இரவில் படுத்தாலும் விடாத வலி, காரணமில்லாமல் எடை குறைவது, காய்ச்சல், அந்த இடத்தில் கட்டி, சிறுநீரோ மலமோ அடக்க முடியாமல் போவது, இவற்றில் எது இருந்தாலும் குஷன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்காமல் உடனே பெரிய டாக்டரைப் பாருங்கள். அரிதாக அது கட்டியாகவோ காசமாகவோ இருக்கலாம், அதற்கு எம்.ஆர்.ஐ. வேண்டும்.

நம் எந்த ஊர் எக்ஸ்ரே அறையிலும் நெஞ்சுப் படம் எடுக்கிற ஸ்டாண்ட் ஒன்று சுவரோரமாக நிற்கும். அதன் பக்கத்தில் கெட்டியான ஸ்டூலைப் போட்டால் மேஞின் முறை முழுக்க வந்துவிடும். கூடுதல் செலவு ஒரு படத்துக்குரியது. இன்றைய டிஜிட்டல் மெஷினில் இரண்டு படத்தையும் திரையிலேயே பொருத்திப் பார்க்கலாம். இப்போது வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளட்டும். வலியோடு போகிறவர்கள் டாக்டரிடம் ‘இடுப்பு வலி’ என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். எந்த இடம், எப்படி உட்கார்ந்தால், எழும்போது எப்படி என்று சொல்லுங்கள். வெட்கமாக இருந்தால் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கர்ப்பமாக இருக்கலாம் என்று சந்தேகமிருந்தால் படமெடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். சீட்டில் ‘காக்சிக்ஸ், பக்கவாட்டில், நின்று ஒன்று, உட்கார்ந்து ஒன்று’ என்று எழுதித் தரும்படி கேளுங்கள்.